பீரோ மேல் நின்ற ஸ்பெயின் ஒயின்

(நமது புனே நிருபர்)

கட்கியிலும் தாப்போடியிலும் தகப்பனார் காலத்தில் குடியேறிய நம்மவர்களின் பிள்ளைகள் பலர் இப்போது ஔந்தில் அடுக்குமாடிகளில் இருக்கிறார்கள். அந்த வீடுகளில் சிலவற்றில் வெளிநாட்டு ஒயின் பாட்டில் ஒன்று காட்சிப் பொருளாக நிற்பதைக் காணலாம். மருமகன் கொண்டுவந்தது, அல்லது மகனின் கம்பெனி துரை கொடுத்தது. “ஒயின் பழசாகப் பழசாக உசத்தி” என்று யாரோ சொன்னதை நம்பி அதைத் திறக்காமல் வைத்திருப்பார்கள். அந்தச் சொல்லில் பாதிதான் உண்மை. மறு பாதியை நம்பினால் நல்ல சரக்கு வீணாகும்.

ஔந்திலேயே பிரேமன் சவுக் என்று ஒரு நாற்சந்தி இருக்கிறது. தினமும் பஸ்ஸில் அதைக் கடக்கிறவர்களில் எத்தனை பேருக்குத் தெரியுமோ, அது ஜெர்மனியில் உள்ள பிரேமன் நகரத்தின் பெயர். புனேக்கும் அந்த நகரத்துக்கும் நட்புறவு உண்டு. அங்கே நகரசபைக் கட்டடத்தின் அடியில் உள்ள பாதாள அறையில் 1653-ஆம் ஆண்டு ஒயின் ஒரு பீப்பாயில் இன்னும் இருக்கிறது. அதை விற்பதில்லை. பெருமைக்காக வைத்திருக்கிறார்கள். பழமைக்கு மதிப்பு வேறு, ருசி வேறு என்பதற்கு இதுவே சாட்சி.

ஸ்பெயின் கணக்கு

ஸ்பெயின் நாட்டுச் சிவப்பு ஒயினில் பெயர் பெற்றது வடக்கே உள்ள ரியோஹா பிரதேசம். அங்கே முக்கியத் திராட்சை டெம்ப்ரனியோ. அவர்கள் பாஷையில் ‘சீக்கிரம்’ என்ற சொல்லிலிருந்து வந்த பெயர். மற்ற ரகங்களுக்கு முந்தியே பழுத்துவிடும்.

கறுப்புத் திராட்சையைப் பிழிந்தால் வரும் சாறு பெரும்பாலும் வெளிறியதுதான். தோலையும் கொட்டையையும் சாற்றோடு சேர்த்து நொதிக்க விடுவதால்தான் சிவப்பு நிறமும் துவர்ப்பும் இறங்குகின்றன. பின்பு அதை ஓக் மரப் பீப்பாயில் ஊற்றி வைக்கிறார்கள். ஒரு பீப்பாய்க்கு 225 லிட்டர், அதாவது 300 பாட்டில். மரத்தின் வழியே மிகச் சிறிதளவு காற்று உள்ளே போகிறது. அந்தக் காற்றுதான் முரட்டுத் துவர்ப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக அடக்குகிறது.

எத்தனை காலம் வைக்க வேண்டும் என்பதற்கு அங்கே சட்டம் உண்டு. ‘கிரியான்சா’ என்று லேபிளில் போட வேண்டுமானால் இரண்டு வருஷம், அதில் ஒரு வருஷமாவது பீப்பாயில் இருக்க வேண்டும். ‘ரெசெர்வா’ என்றால் மூன்று வருஷம். அதிலும் ஒரு வருஷம் பீப்பாய், ஆறு மாதம் பாட்டில் கட்டாயம். ‘கிரான் ரெசெர்வா’ என்றால் ஐந்து வருஷம், அதில் பீப்பாயில் இரண்டு, பாட்டிலில் இரண்டு. இந்தக் காலமெல்லாம் முடிந்த பிறகே சரக்கு கடைக்கு வரும். கவனிக்க வேண்டிய விஷயம் இதுதான்: வயதாக்கும் வேலையை அவர்களே முடித்துத்தான் அனுப்புகிறார்கள். அதற்கான கூலியும் முடங்கிய பணத்துக்கு வட்டியும் விலையிலேயே சேர்ந்துவிட்டது. நாம் வீட்டில் வைத்து மேலும் வயதாக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

ரயில்வேக்காரன் என்பதால் இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ரியோஹாவில் ஆரோ என்று ஓர் ஊர். அங்கே பெரிய ஒயின் சாலைகளெல்லாம் ரயில் நிலையத்தைச் சுற்றியே நிற்கின்றன. அந்தப் பேட்டைக்குப் பெயரே ‘ஸ்டேஷன் பேட்டை’. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரெஞ்சு நாட்டுத் திராட்சைக் கொடிகளை ஒரு வேர்ப்பூச்சி அழித்தது. போர்டோ வியாபாரிகள் சரக்குத் தேடி ஸ்பெயினுக்கு வந்தார்கள். அதற்குள் ரயில் பாதை போடப்பட்டிருந்ததால் பில்பாவோ துறைமுகத்துக்கு அனுப்புவது சுலபமாயிற்று. லோப்பஸ் தெ எரேதியா 1877-லும், சுருக்கமாக கூனே என்று சொல்லப்படும் கம்பெனி 1879-லும், லா ரியோஹா ஆல்டா 1890-லும் அங்கே தொழில் தொடங்கின. நம்மூரில் கூட்ஸ் ஷெட்டை ஒட்டி மண்டிகள் வளர்வது போலத்தான். நம் ஷெட்டில் சரக்கு கூடுதல் நேரம் கிடந்தால் வார்ஃபேஜ் கட்ட வேண்டும். அங்கே கிடந்த காலத்துக்கு வாங்குகிறவன் பணம் கொடுக்கிறான்!

இரண்டு பாட்டில், ஒரே வயது

ஔந்தில் குடியிருக்கும் நண்பர் ஒருவர் மத்திய சர்க்கார் அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தவர். கொரோனாவுக்கு முன்பு அவருடைய மருமகன் ஸ்பெயினிலிருந்து ஒரே மாதிரி இரண்டு பாட்டில் கொண்டுவந்தார். இரண்டும் 2016-ஆம் ஆண்டு கிரியான்சா. ஒன்றை நண்பர் பீரோ மேல் நிறுத்தி, ஓய்வு பெறும் நாளில் திறப்பதாகச் சொல்லி வைத்திருந்தார். மற்றொன்றைப் பக்கத்து வீட்டு அண்ணாச்சிக்குக் கொடுத்தார். அண்ணாச்சி தென்காசிக்காரர். பெரிய ஓட்டல்களில் இருபது வருஷம் பரிமாறியவர். அவர் அதைப் பழைய பிரிட்ஜின் கீழ்த்தட்டில் படுக்க வைத்துவிட்டார்.

நண்பர் ஓய்வு பெற்ற வாரம் இரண்டையும் ஒன்றாகத் திறந்தார்கள். நானும் போயிருந்தேன்.

பீரோ பாட்டிலின் தக்கை அரை விரல் மேலே எழும்பி, கழுத்தில் பிசுபிசுப்பு காய்ந்திருந்தது. “வெயிலிலே உள்ளே இருக்கிறது விரிஞ்சு தக்கையைத் தள்ளியிருக்கு. போற வழி தெரிஞ்சா காத்துக்கு வர்ற வழியும் தெரியும்” என்றார் அண்ணாச்சி. இரண்டு கண்ணாடித் தம்ளர்களில் கொஞ்சம் ஊற்றி, வெள்ளைத் தாள் மேல் சாய்த்துப் பிடித்தார். பிரிட்ஜ் பாட்டில் நல்ல சிவப்பு. ஓரத்தில் மட்டும் லேசான செங்கல் நிறம். பீரோ பாட்டில் முழுக்கவே பழுப்பு. வயதானால் சிவப்பு ஒயின் நிறம் வெளுத்துச் செங்கல் பக்கம் போவது இயற்கை. ஆனால் ஒரே வயதுள்ள இரண்டில் ஒன்று மட்டும் கிழடாகிவிட்டது.

அடுத்து வாசனை. தம்ளரைச் சுழற்றி மூக்கருகே கொண்டுபோகச் சொன்னார். பிரிட்ஜ் பாட்டிலில் பழ வாசனையோடு, நம்புங்கள், தேங்காய் வாசனை! ரியோஹாவில் வெகுகாலமாக அமெரிக்க ஓக் பீப்பாய்களையே பெரிதும் உபயோகித்தார்கள். அந்த மரத்தில் உள்ள ஒரு சத்துக்குத் தேங்காய் மணம் உண்டு. வெள்ளைக்காரர்கள் புத்தகம் பார்த்துக் கற்பதை நம் வீட்டுப் பெண்கள் மூக்கிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள். பீரோ பாட்டிலில் அடிப்பிடித்த வெல்லப்பாகு வாசனை, பின்னால் காடி. நனைந்த சாக்கு வாசனை வந்தால் அது தக்கையின் கோளாறு, வெயில் காரணமல்ல என்று அண்ணாச்சி சொன்னார்.

ருசி விஷயத்தில் தமிழனுக்கு ஒரு சௌகரியம். டானின் என்று அவர்கள் விளக்கப் பாடுபடுவதை நாம் துவர்ப்பு என்று ஒரே சொல்லில் அறுசுவையில் சேர்த்து வைத்திருக்கிறோம். கொட்டைப்பாக்கை மென்றால் நாக்கும் ஈறும் இழுக்குமே, அதுதான். புதிய ஒயினில் அது கடுமை. நல்லபடி வயதானால் துவர்ப்புச் சத்து ஒன்றோடொன்று சேர்ந்து வண்டலாகக் கீழே தங்கி, இழுப்புக் குறைகிறது. பிரிட்ஜ் பாட்டிலில் துவர்ப்பு இருந்தது, உறுத்தவில்லை. பீரோ பாட்டிலில் புளிப்புதான் மிச்சம். “இதுக்கா அஞ்சு வருஷம் தூசி தட்டினேன்?” என்று நண்பரின் மனைவி கேட்டதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. நண்பர் மட்டும் தம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

ஒயின் கிடங்குகளில் 12 முதல் 15 டிகிரி வெப்பம், வருஷம் முழுவதும் மாறாமல். புனேயில் ஏப்ரல், மே மாதங்களில் 40 டிகிரியைத் தொடுகிறது. மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள அறையில் பீரோ மேல் என்றால் கேட்கவே வேண்டாம். பிரிட்ஜும் சரியான இடமல்ல, குளிர் அதிகம், ஈரப்பதம் குறைவு. ஆனாலும் பீரோவுக்கு அது எவ்வளவோ மேல். தக்கை போட்ட பாட்டிலைப் படுக்க வைத்தால் தக்கை காயாது. திருகுமூடி என்றால் நிற்க வைத்தாலும் பாதகமில்லை.

‘தினம் ஒரு தம்ளர் இருதயத்துக்கு நல்லது’ என்று பேசுகிறவர்கள் உண்டு. மதுவில் பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் அறிவித்தது. பழக்கமில்லாதவர்கள் மருந்தென்று நினைத்துத் தொடங்க வேண்டிய அவசியமே இல்லை.

நாசிக்கில் விளையும் ஸ்பெயின் ரகம்

டெம்ப்ரனியோ இப்போது மகாராஷ்டிரத்திலேயே விளைகிறது. நாசிக் ஜில்லா திண்டோரி பக்கத்துச் சரோசா தோட்டத்தின் டெம்ப்ரனியோ ரெசர்வ் பேசப்பட்ட சரக்கு. இங்கே ஒயின் தொழிலுக்கு முன்னோடி, புனேயிலிருந்து நாசிக் போகும் சாலையில் உள்ள நாராயண்காவ். சாம்ராவ் சௌகுலே 1980-களில் அங்கே நுரைக்கும் ஒயின் தயாரித்து ‘ஓமர் கய்யாம்’ என்ற பெயரில் வெளிநாட்டுக்கே அனுப்பினார். 2000-ல் நாசிக்கில் சூலா வந்தது. நம் மாஞ்சரியில் 1997 முதல் மத்திய சர்க்காரின் திராட்சை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது.

கம்பம் பன்னீர்த் திராட்சையைப் பார்த்து வளர்ந்த நமக்கு ஒயின் திராட்சையைக் கண்டால் ஏமாற்றமாக இருக்கும். சிறிய காய், தடித்த தோல், கொட்டை அதிகம். ஆனால் நிறமும் துவர்ப்பும் அந்தத் தோலிலும் கொட்டையிலும்தான். ஸ்பெயினில் செப்டம்பர், அக்டோபரில் அறுவடை. இங்கே கொடி குளிர்காலத்தில் தூங்குவதில்லை. ஏப்ரல் வாக்கில் ஒரு வெட்டு, மழைக்குப் பின் செப்டம்பர், அக்டோபரில் ஒரு வெட்டு என்று இரண்டு தடவை கவாத்து செய்து, ஜனவரி முதல் மார்ச் வரை ஒரே மகசூல் எடுக்கிறார்கள்.

இந்த உள்ளூர்ச் சிவப்பில் பெரும்பாலானவை வந்த இரண்டு மூன்று வருஷத்துக்குள் குடிப்பதற்கென்றே செய்யப்படுகின்றன. லேபிளில் அறுவடை ஆண்டு போட்டிருக்கும். கடைக்காரர் அலமாரியின் மேல்தட்டில், டியூப்லைட்டுக்குக் கீழே பல வருஷம் நின்ற பாட்டிலை ‘பழைய சரக்கு’ என்று எடுத்துக் கொடுத்தால், தக்கை எழும்பியிருக்கிறதா, கழுத்தில் கசிவு உண்டா என்று பார்த்துக்கொள்ளுங்கள். திறந்த பாட்டிலை மூடி பிரிட்ஜில் வைத்தால் இரண்டு மூன்று நாள் தாங்கும். அதற்கு மேல் காடிதான். நண்பர் வீட்டுப் பீரோ பாட்டிலில் மீந்ததை அவர் மனைவி ஒரு சீசாவில் வடித்து, குழாயில் படிந்த உப்புக்கறை தேய்க்க வைத்திருக்கிறார்.