கதை வாங்கும் வித்தை

நாட்டார் கதை சேகரிப்பது என்றால், நோட்டும் பேனாவுமாகப் போய் உட்கார்ந்து "என்ன கதை தெரியும்?" என்று கேட்பது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அப்படிக் கேட்டால் ஒன்றும் பெயராது. அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளர் ஸோரா நீல் ஹர்ஸ்டன் 1927இல் இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டார். நியூயார்க்கில் மானிடவியலாளர் ஃபிரான்ஸ் போவாஸிடம் படித்தவர், தான் வளர்ந்த ஃபுளோரிடாவுக்கே போய்க் கல்லூரிப் பேச்சில் விசாரித்தார். கதையா, பக்கத்துப் பகுதியில் கேட்டுப் பாருங்கள் என்று நழுவிவிட்டார்கள்.

அடுத்த சுற்றில் பேச்சை மாற்றினார். லஃப்மன் என்ற மரமறுப்பு முகாமில் அவருடைய காரையும் 12 டாலர் 74 சென்ட் கவுனையும் பார்த்து, அரசாங்க உளவாளியோ என்று சந்தேகப்பட்டார்கள். போலீசுக்குத் தப்பி வந்த கள்ளச்சாராயக்காரி நான் என்று ஒரு போடு போட்டார்! அதன் பிறகுதான் கூட்டத்தில் இடம் கிடைத்தது. ஆய்வு நெறி பேசுகிறவர்கள் இன்று இதை ஏற்க மாட்டார்கள், ஏற்கவும் கூடாது. ஆனால் தங்களில் ஒருத்தி என்று நம்பாதவரை யாரும் வாய் திறக்கவில்லை என்பதும் உண்மை.

பாட்டு சேகரித்த விதம் இன்னும் சுவாரசியம். கூட்டத்தோடு சேர்ந்து முதலில் கேட்பார். பிறகு தானே பாடிக் காட்டுவார். சரியாக வந்துவிட்டது என்று அவர்கள் ஒப்புக்கொள்ளும்வரை விடமாட்டார். 1939இல் ஜாக்சன்வில்லில் நடந்த ஒலிப்பதிவில், அப்படிக் கற்ற பாடல்களை அவர் குரலிலேயே கேட்கலாம்.

எழுதும்போதும் கதையை மட்டும் தனியே உரித்தெடுக்கவில்லை. 1935இல் வந்த 'மியூல்ஸ் அண்ட் மென்' நூலில் கதை சொல்பவர், குறுக்கே பேசுபவர், நடுவில் மூளும் சண்டை எல்லாம் உண்டு, எழுதுகிறவரும் உண்டு. இன்னொரு நூலுக்காக, அடிமைக் கப்பலில் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட கொசோலா என்ற முதியவரைப் பார்க்க, பீச் பழமும் தர்பூசணியுமாகப் போவார். சில நாள் தோட்ட வேலை இருக்கிறது, போ என்பார் கிழவர். வற்புறுத்தாமல் திரும்பிவிடுவார். கொசோலாவின் கொச்சைப் பேச்சைத் திருத்தித் தரும்படி பதிப்பகம் கேட்டபோது மட்டும் ஹர்ஸ்டன் மசியவில்லை. அந்த நூல் 2018இல்தான் அச்சேறியது.

பணம்தான் பெரும்பாடு. மாதம் 200 டாலர் கொடுத்த புரவலர் சார்லட் மேசன், திரட்டியதெல்லாம் தனக்கே சொந்தம் என்று ஒப்பந்தம் போட்டிருந்தார். 1930களில் ஹர்ஸ்டன் இரண்டு கல்லூரிகளில் நாடகம் கற்பிக்கப் போனார், எதிலும் நிலைக்கவில்லை. 1958இல், அறுபதைத் தாண்டிய வயதில், ஃபோர்ட் பியர்ஸ் நகரப் பள்ளியில் மாற்று ஆசிரியராக வேலை பார்த்துக்கொண்டே உள்ளூர்ப் பத்திரிகையில் நாட்டு மாந்திரீகம் பற்றிப் பத்தி எழுதிவந்தார்.