ஒரே வீட்டுப் பிள்ளைகள் வேறுபடுவது ஏன்?

சோழ மன்னர் ராஜராஜன், தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டிலே தாம் அளித்த தானங்களுக்கு அடுத்தபடியாகத் தம் தமக்கை குந்தவையார் அளித்தவற்றைப் பொறிக்கச் செய்ததோடு, தம் மகளுக்கும் அப்பெயரையே சூட்டினார் என்பது, உடன்பிறந்த பாசம் ஆயுள் முழுவதும் நிலைக்கக்கூடியது என்பதற்குச் சரித்திர சாட்சியாகும்.

இப்பந்தம் குழந்தையின் சுபாவத்தை உருவாக்குவது எப்படி? தாயிடம் அழுதால் கிடைக்கும் பொருள் அண்ணனிடம் வாதாடினால்தான் கிடைக்கும். ஆகவே, பிறர் மனத்தின் எண்ணம் தன் எண்ணத்தினின்று வேறாக இருக்கலாம் என்பதைக் குழந்தை வீட்டுச் சச்சரவிலேயே பயிலத் தொடங்குகிறது. உடன்பிறந்தார் மிகுந்த குழந்தைகள் இந்த ஞானத்தைச் சற்று முன்னதாகவே அடைகின்றனர் என்று பெர்னர் முதலிய மனோதத்துவ நிபுணர்கள் 1994-இல் கண்டனர். ஆயினும், பிந்திய ஆராய்ச்சிகளுள் சில அதனை ஊர்ஜிதம் செய்யவில்லை.

அவ்வாறாயின், ஒரே வீட்டில் வளர்ந்தவர் ஏன் வேறுபடுகின்றனர்? மனிதருக்குள் மாறுபடும் மரபணுக்களில் உடன்பிறந்தார்க்குப் பொதுவாயிருப்பது சராசரியாகப் பாதியே. அன்றியும், மூத்தவன் பிறந்தபோதிருந்த வறுமை இளையவன் பிறக்கையில் நீங்கியிருக்கலாம். ஆசிரியரும் நண்பரும் வேறாவர். பெற்றோரின் ஒரே சொல்லை ஒருவன் அன்பாகவும் மற்றொருவன் கண்டிப்பாகவும் கொள்வான்.

மூத்தது பொறுப்புடையது, கடைக்குட்டி குறும்புடையது என்பது பரவலான நம்பிக்கை. அமெரிக்கா, பிரிட்டன், ஜெர்மனி தேசங்களில் இருபதினாயிரத்துக்கு மேற்பட்டோரைப் பரிசீலித்த 2015-ஆம் ஆண்டின் ஆய்விலோ, பிறப்பு வரிசை குணத்தைப் பெரிதும் பாதிப்பதாகத் தெரியவில்லை. அறிவுத்திறனில் மட்டும் மூத்தோர்க்கு அற்ப ஏற்றம் தென்பட்டது. ஆதலின் பெற்றோரே, பிறந்த வரிசையைக் கொண்டு குழந்தையை மதிப்பிடாமல், ஒவ்வொன்றையும் தனித்தனியே அறிந்து வளர்ப்பீராக.