கமிஷன் இல்லையாம்!

சிங்கப்பூர் சிராங்கூன் சாலையில் ஞாயிறு மாலை பணமாற்றுக் கடைகளின் முன்னே தமிழ்நாட்டுத் தொழிலாளர்கள் வரிசை கட்டி நிற்கிறார்கள். கட்டடம் எழுப்பிய கைகள், கப்பல் பட்டறையில் இரும்போடு மல்லாடிய கைகள், ஈட்டிய வெள்ளியை ரூபாயாக்கி ஊருக்கு அனுப்பக் காத்திருக்கின்றன. ஒரு கடையில் அட்டை தொங்குகிறது: ‘கமிஷன் இல்லை!’

கமிஷன் இல்லையாம்! அப்படியானால் கடை வாடகை எங்கிருந்து வருகிறது? தருமத்துக்கா கடை விரித்திருக்கிறார்கள்?

தோழர்களே, ரசீதில் காணாத கமிஷன் மாற்று விலைக்குள் ஒளிந்திருக்கிறது. ஒரு வெள்ளியின் சந்தை விலை 65 ரூபாய் என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். ‘இலவச’க் கடைக்காரர் 64 ரூபாய் தருகிறார். ஆயிரம் வெள்ளி கொடுத்தால் ஊரில் 64,000 ரூபாய் சேரும். அடுத்த கடைக்காரர் 5 வெள்ளி கட்டணம் கேட்கிறார். ஆனால் மிச்சமுள்ள 995 வெள்ளிக்கு, வெள்ளி ஒன்றுக்கு 64 ரூபாய் 90 காசு தருகிறார். ஊரில் சேருவது 64,575 ரூபாய்! மாதந்தோறும் அனுப்புகிறவருக்கு ஆண்டில் 6,900 ரூபாய் வித்தியாசம். இனாம் என்று எழுதியவரிடம்தான் நட்டம் அதிகம். ஆகவே, ‘கட்டணம் எவ்வளவு?’ என்று கேட்காதீர்கள். ‘எல்லாம் போக ஊரில் எத்தனை ரூபாய் கிடைக்கும்?’ என்று கேளுங்கள்.

இன்னொரு வேடிக்கை. வெள்ளிக்கும் ரூபாய்க்கும் பெரும்பாலும் நேரடிப் பேச்சு இல்லை. இரண்டுக்கும் அமெரிக்க டாலரோடு உள்ள விலையை வைத்தே கணக்குப் போடுகிறார்கள். ஆசியாவின் இரண்டு நாணயங்களுக்கு நடுவே அமெரிக்கத் தரகர்!

அரசுகள் மனம் வைத்தால் இழப்பைக் குறைக்க முடியாதா? சிங்கப்பூர் வெள்ளியும் புருணை வெள்ளியும் 1967 முதல் ஒன்றுக்கு ஒன்று; இரு நாட்டு வங்கிகளும் கட்டணமின்றி மாற்றித் தருகின்றன. மலேசியாவும் 1973 வரை அந்த ஏற்பாட்டில் இருந்தது. ரூபாய்க்கு அத்தகைய சமநிலை கைகூடாது என்பதை நாம் அறிவோம். ஆயினும் 2023 பிப்ரவரி 21-இல் இந்தியாவின் யு.பி.ஐ.யையும் சிங்கப்பூரின் பேநவ்வையும் இணைத்தார்களே! கைப்பேசி வழியே நொடிகளில் பணம் சேரும் பாதை அது. சில வங்கிகளோடு தொடங்கியது. வேகம் வந்துவிட்டது, நல்லது. விலை வைப்பது அங்கேயும் வங்கிதான்.

நாம் கேட்பது பெரிய சலுகையல்ல. தாம் தரும் விலைக்குப் பக்கத்திலேயே அன்றைய சந்தை விலையையும் தமிழில் எழுதி வைக்க வேண்டுமென்று கடைகளுக்கும் வங்கிகளுக்கும் ஆணையிட என்ன தடை?