பில் போட போன் நம்பர் எதுக்கு? கடைக்கு ஒரு கடிதம் எழுதுங்கள்

ஜவுளிக் கடையோ மருந்துக் கடையோ, பில் கவுன்ட்டரில் முதல் கேள்வி இப்போது ஒன்றுதான்: "நம்பர் சொல்லுங்க சார்." பின்னால் வரிசை நிற்கிறது, நாமும் யோசிக்காமல் பத்து இலக்கத்தையும் சொல்லிவிடுகிறோம். நாலு நாள் கழித்து லோன் வேணுமா, மனை வேணுமா என்று எங்கிருந்தோ மெசேஜ் வரும்போதுதான் "நம்ம நம்பர் இவங்களுக்கு எப்படிப் போச்சு?" என்று தோன்றுகிறது.

பில் போட போன் நம்பர் கட்டாயம் இல்லை. நம்பர் தந்தால்தான் பொருள் என்று வற்புறுத்துவது நியாயமற்ற வணிக முறை என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 மே மாதமே வணிகர் சங்கங்களுக்கு அறிவுறுத்தியது. நம்பிக்கையோடு நாம் தந்த சொந்தத் தகவலை, சட்டம் அனுமதிக்காத வகையில் பிறருக்குக் கொடுப்பதும் நியாயமற்ற வணிக முறைதான். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 பிரிவு 2(47) இதைச் சொல்கிறது.

இன்னொரு சட்டமும் இருக்கிறது: டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023. இதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாகின. ஆனால் ஒப்புதல் வாங்குவது, கேட்டால் தரவை அழிப்பது போன்ற முக்கியக் கடமைகள் 18 மாதம் கழித்து, அதாவது 2027 மே மாதத்தில்தான் நடைமுறைக்கு வருகின்றன. அதற்கு முன்பே "250 கோடி அபராதம் போட வைப்பேன்" என்று கடைக்காரரை மிரட்டினால் அவர் சிரித்துவிட்டுப் போவார். அதுவரை 2019 சட்டத்தைச் சொல்லி எழுதுவதே பலன் தரும்.

யாருக்கு எழுதுவது? ஆன்லைன் நிறுவனம் என்றால் அதன் குறைதீர் அலுவலரின் பெயரும் தொடர்பு விவரமும் இணையதளத்தில் இருக்க வேண்டும். புகாரை அவர் 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்பது 2020-ம் ஆண்டு மின்வணிக விதி. பக்கத்துத் தெருக் கடை என்றால் உரிமையாளர் அல்லது மேலாளரிடமே கொடுக்கலாம்.

கடிதம் ஒரு பக்கம் போதும். இப்படி எழுதலாம்:

"ஐயா, இந்தத் தேதியில், இந்த பில் எண்ணில் உங்கள் கடையில் பொருள் வாங்கினேன். பில் போட மட்டும் என்று கேட்டதால் என் கைபேசி எண்ணைக் கொடுத்தேன். அதன் பிறகு இந்தத் தேதிகளில் எனக்கு விளம்பரச் செய்திகள் வந்துள்ளன, ஸ்கிரீன்ஷாட் இணைத்துள்ளேன். இது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-ஐ மீறும் செயலாக இருக்கலாம் எனக் கருதுகிறேன். என் எண்ணை யாருக்காவது கொடுத்தீர்களா, எதற்காகக் கொடுத்தீர்கள் என்று தெரிவிக்கவும். விளம்பரப் பட்டியலிலிருந்து என் எண்ணை நீக்கவும். 15 நாட்களுக்குள் எழுத்து மூலம் பதில் தரக் கோருகிறேன்."

"மீறும் செயலாக இருக்கலாம்" என்ற சொற்களை விட்டுவிடாதீர்கள். அதே நம்பரை நாம் பத்து இடத்தில் கொடுத்திருப்போம்; கசிந்தது இந்தக் கடையிலிருந்துதானா என்பது நமக்கு நிச்சயமாகத் தெரியாது. "நீங்க வித்துட்டீங்க" என்று குற்றம் சாட்டினால் சண்டைதான் வரும். கேள்வியாகக் கேட்டால் அவர் பதில் சொல்லியாக வேண்டிய நிலை வருகிறது. பில்லையே அழிக்கச் சொல்லவும் வேண்டாம். வரிச் சட்டப்படி கணக்குகளைப் பல ஆண்டுகள் வைத்திருக்க வேண்டிய கடமை வணிகருக்கு உண்டு.

சிலர் அடையாளத்துக்கு என்று ஆதார் நகலையும் சேர்த்து அனுப்பிவிடுகிறார்கள். தகவல் போச்சே என்று புகார் சொல்லப் போய், இன்னும் கொஞ்சம் தகவலைக் கொடுத்துவிட்டு வருவது இது! பில் நகலும் ஸ்கிரீன்ஷாட்டும் போதும்.

நேரில் கொடுத்தால் இன்னொரு நகலில் தேதியோடு கையெழுத்தும் முத்திரையும் வாங்குங்கள். வாங்க மறுத்தால் ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி ரசீதைப் பத்திரமாக வையுங்கள். மின்னஞ்சலும் சரிதான். போனில் பேசியதற்கு மட்டும் சாட்சி இருக்காது.

பல இடங்களில் இந்த ஒரு கடிதத்திலேயே வேலை முடிந்துவிடும். பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் தமிழிலேயே பேசலாம். கடித நகல் கையில் இருந்தால் புகார் பதிவது சுலபம். தொல்லை தரும் விளம்பர அழைப்பு, மெசேஜ் பற்றி 1909-ல் தனியாகச் சொல்லுங்கள், அதுவும் வந்த 7 நாட்களுக்குள். பணமே போயிருந்தால் கடிதம் எழுதிக்கொண்டிருக்க நேரமில்லை, உடனே 1930.

அதற்கும் மேலே போக வேண்டுமானால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. வாங்கிய பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் கிடையாது; வக்கீல் வைப்பதும் கட்டாயமில்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் மனு செய்துவிட வேண்டும். கடைக்குக் கடிதம் எழுதிவிட்டுக் காத்திருந்த நாட்களும் அந்த 2 ஆண்டுக்குள்தான் அடங்கும்.