காலம் அளக்கும் நுண்கருவி

பண்டைத் தமிழ் வேந்தரின் பாசறையில் நாழிகைக் கணக்கர் இருந்தனர். நீர்க்கலத்தின் துணைகொண்டு பொழுதை அளந்து அரசனுக்கு அறிவிப்பது அவர்தம் தொழில். முல்லைப்பாட்டு இதனைக் கூறுகின்றது. போரை நடத்தும் அரசனே பொழுதையும் எண்ணிக்கொண்டிருப்பின் இரு பணிகளும் பழுதுபடும் அன்றோ? இம்முறையே இன்றைய மின்னணுக் கருவிகளிலும் அமைந்துள்ளது.

கொங்கு நாட்டில் கிணற்றுப் பாசனம் மிகுதி. கோவையில் ஜி. டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் 1937ஆம் ஆண்டில் மின்மோட்டாரை உருவாக்கினர். பின்னர் அந்நகரம் மோட்டார், பம்புத் தொழிலில் பெயர் பெற்றது. இந்நாளில் பம்புகளை இயக்கும் பெட்டிகள் பலவற்றில் நுண்கட்டுப்படுத்தி என்னும் சிறு சில்லு உள்ளது. மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் இடைவிடாது கண்காணிப்பது அதன் கடமை.

மோட்டார் சுழலத் தொடங்கும்போது, இயல்பினும் ஐந்தாறு மடங்கு மின்னோட்டம் பாயும். அதனைப் பிழையெனக் கருதி உடனே நிறுத்தினால், மோட்டார் ஒருநாளும் ஓடாது. சில நொடிகள் கழிந்தும் மின்னோட்டம் தணியாவிடில், நிறுத்தியே ஆகவேண்டும். இன்றேல் உள்ளிருக்கும் செப்புக்கம்பிச் சுருள் கருகிவிடும். எனவே, காலத்தைப் பிழையின்றி அளத்தல் இங்கு இன்றியமையாதது.

சில்லின் செயலகமே ஒன்று, இரண்டு என எண்ணிக்கொண்டிருந்தால், அவ்வேளையில் பிற பணிகள் தடைப்படும். இடையே வேறு பணி வந்தால் எண்ணிக்கை தவறும். ஆதலின், எண்ணுதற்கென்றே டைமர் என்னும் தனியுறுப்பு சில்லினுள் அமைக்கப்பட்டுள்ளது. ஒருவகைச் சில்லில் படிகம் ஒன்று நொடிக்கு 1 கோடியே 60 இலட்சம் முறை துடிக்கிறது. 64 துடிப்புகளுக்கு ஒன்றாக டைமர் எண்ணுமாறு செய்தால், நொடிக்கு 2,50,000 எண்ணிக்கை ஆகும். 250 எண்ணியதும் நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு கழிந்திருக்கும். உடனே டைமர் செயலகத்திற்குக் குறிப்புத் தரும். இதற்குக் குறுக்கீடு என்று பெயர். செயலகம் கைப்பணியை நிறுத்தி, அதனைக் கணக்கிற்கொண்டு, விட்ட இடத்திலிருந்து தொடரும். குறுக்கீட்டில் செய்யும் பணி சுருக்கமாக இருத்தல் வேண்டும். நீண்டால், அடுத்த குறிப்புகள் தவறிப்போகக்கூடும்.

செயலகமே செயலற்று நின்றால் என் செய்வது? அதற்கெனக் காவல் டைமர் ஒன்று உண்டு. குறித்த காலத்துள் செயலகம் தன் நலத்தை அதற்கு அறிவித்தல் வேண்டும். அறிவிக்கத் தவறினால், காவல் டைமர் சில்லினைத் தொடக்கத்திலிருந்து மீண்டும் இயங்கச் செய்யும்.

நள்ளிரவில் மின்சாரம் வந்து மோட்டார் தானே ஓடத் தொடங்கும்போது, உழவர் அருகில் இருப்பதில்லை. அவ்வேளையில் அவருடைய மோட்டாரையும் பயிரையும் காக்கும் பொறுப்பில், ஓயாது எண்ணும் இச்சிற்றுறுப்புக்கும் பங்குண்டு.