டோயாமா: 4,000 மீட்டர் சரிவில் ஒரு ஊர்

ஜப்பான் போறவங்க பட்டியல்ல டோக்கியோ, கியோட்டோ, ஒசாகா மூணும் கண்டிப்பா இருக்கும். ஜப்பான் கடலோரம் இருக்கும் டோயாமா அநேகமா இருக்காது. 2015-ல் ஷின்கான்சென் ரயில் வந்த பிறகு டோக்கியோவிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல்தான் ஆகுது.

இந்த ஊரைப் புரிஞ்சுக்க இரண்டு எண்கள் போதும். பின்னால் நிற்கும் டாட்டேயாமா மலை 3,015 மீட்டர் உயரம். முன்னால் இருக்கும் விரிகுடா 1,000 மீட்டருக்கும் மேல் ஆழம். கிட்டத்தட்ட 4,000 மீட்டர் சரிவு, அதுவும் ரொம்பக் குறுகிய தூரத்துக்குள்ள.

முதல்ல கடல். பொதுவா கரையிலிருந்து ஆழ்கடலுக்கு ரொம்ப தூரம் போகணும். இங்கே கரையை ஒட்டியே பள்ளத்தாக்குகள் இறங்குது. மீனவர்கள் இதுக்கு வெச்ச பேர் 'ஐகாமே', அதாவது அவுரிச் சாயத் தொட்டி. தண்ணியோட நிறம் அப்படி. அந்த ஆழத்துல வாழுறதுதான் ஹோட்டாரு இகா, மின்மினிக் கணவாய். (சென்னை மீன் சந்தைல கணவாயைக் கடம்பான்னு கேட்டாத்தான் கிடைக்கும்.) விரல் நீளம்தான் இருக்கும், ஒரு வருஷம்தான் ஆயுள். பகல்ல சில நூறு மீட்டர் ஆழத்துல இருந்துட்டு, வசந்த காலத்துல முட்டையிட ராத்திரி கரையோரம் மேலே வரும். வலையை இழுக்கும்போது நீல வெளிச்சம் தெறிக்கும். அதைப் பார்க்க பக்கத்து ஊரான நமேரிகாவாவிலிருந்து விடியறதுக்கு முன்னாடி படகு விடுறாங்க. அவை திரளும் அந்தக் கடல்பரப்பு 1952 முதல் அரசின் சிறப்பு இயற்கைச் சின்னம்.

சாப்பிடணும்னா வேகவெச்சு, வினிகர் கலந்த மிசோவோடு தர்றதே நல்லது. குடலோடு பச்சையா சாப்பிடாதீங்க, ஒட்டுண்ணி இருக்கலாம். உறையவெச்சு எடுத்ததுன்னா பயமில்ல. இன்னொண்ணு கொம்புஜிமே: பச்சை மீன் துண்டுகளைக் கடற்பாசிக்கு நடுவுல வெச்சு ஊறவிடுவாங்க. அந்தப் பாசி டோயாமாவில் விளையறதில்ல. பழைய சரக்குக் கப்பல்கள் ஹொக்கைடோவிலிருந்து கொண்டு வந்து பழக்கிவிட்ட ருசி அது.

மலை விஷயம் சுருக்கமா. குளிர்காலக் காற்று கடலின் ஈரத்தை எடுத்துட்டு வந்து மலையில் மோதி பனியாக் கொட்டுது. ஏப்ரல் நடுவில் மலைப்பாதை திறக்கும்போது இருபுறமும் பனிச்சுவர்; சில வருஷம் 20 மீட்டர் வரை கூட. ஏப்ரல் கடைசியில் போனா பனிச்சுவர், கணவாய் இரண்டும் ஒரே பயணத்தில் கிடைக்கும்.

ஆனா சரிவு தண்ணியை மட்டும் கொண்டு வராது. ஜின்சூ ஆற்றின் மேல்பக்கம் கமியோக்கா சுரங்கம். அங்கே துத்தநாகம் எடுத்தபோது வெளியேறிய காட்மியம் ஆற்றில் கலந்து, வயலுக்கும் அரிசிக்கும் போய், மனுஷங்க உடம்புக்குள்ள சேர்ந்தது. பாதிக்கப்பட்டவங்கள்ல பெரும்பாலும் பெண்கள். இருமினாலே எலும்பு முறியும். 'இட்டாய் இட்டாய்'னு அலறினாங்க. 'வலிக்குது, வலிக்குது'ன்னு அர்த்தம். அதுவே நோயின் பேராகிடுச்சு. 1968-ல்தான் அரசு இதை மாசினால் வந்த நோய்னு ஒத்துக்கிட்டது. வயல் மண்ணைச் சீராக்கி முடிக்க 2012 ஆச்சு. நோபல் பரிசு வாங்கித் தந்த நியூட்ரினோ ஆய்வுக்கூடம் இருப்பதும் இதே சுரங்கத்துலதான். அந்தப் பெருமை தெரிஞ்ச அளவுக்கு இந்தக் கதை நம்மில் பலருக்குத் தெரியாது.

நகரில் இந்த நோய்க்குன்னு ஒரு அருங்காட்சியகம் இருக்கு. பாதி நாள் ஒதுக்குங்க. 1972-ல் போட்ட ஒப்பந்தப்படி, ஆற்றங்கரை மக்கள் வருஷா வருஷம் அந்தச் சுரங்கத்துக்குள்ள போய் கழிவுநீரைச் சோதிச்சுட்டு வர்றாங்க.