அரை மில்லிமீட்டர் பேரம்

மண்பானை வாங்கப் போனால், முந்தானையிலிருந்து காசை அவிழ்ப்பதற்கு முன் பாட்டி பானையை ஒரு சுண்டு சுண்டிப் பார்ப்பார். ‘ணங்’ என்றால் வீட்டுக்கு வரும். ‘டொப்’ என்றால் கடையிலேயே இருக்கும். மரத்தில் உகுலேலே கட்டத் தொடங்கிய பிறகு நானும் அதையேதான் செய்துகொண்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மதியம், மொட்டைமாடித் தகரக் கொட்டகையில், முக்கால் சாண் அகல மகோகனிப் பலகையை இரண்டு விரலால் ஓரத்தில் பிடித்துத் தொங்கவிட்டு, மறுகை விரல்முட்டியால் தட்டுவேன். இழைப்புளியால் இரண்டு சீவல். மறுபடி தட்டு. கீழ்வீட்டுக்காரர் ஒரு நாள் கேட்டேவிட்டார்: “என்ன சார், இன்னுமா கதவைத் திறக்கலை?”

உகுலேலே, நான்கு தந்திகள் கொண்ட குட்டி கிட்டார் மாதிரி இருக்கும். அதன் மிகச் சிறிய வகையான சோப்ரானோ, ஒரு முழத்தைவிடச் சற்றுத்தான் நீளம். பெயர் ஹவாய் மொழி. ‘உகு’ என்றால் தெள்ளுப்பூச்சி, ‘லேலே’ என்றால் குதிப்பது. தந்தி மேல் விரல்கள் துள்ளும் வேகத்தைப் பார்த்து வைத்த பெயர் என்று சொல்வார்கள்.

பெயர் ஹவாய் என்றாலும் வாத்தியத்தின் பூர்வீகம் அட்லாண்டிக் கடலில் இருக்கும் போர்ச்சுகீசியத் தீவான மடெய்ரா. 1879 ஆகஸ்ட் 23 அன்று ‘ரேவன்ஸ்கிராக்’ என்ற கப்பல் அங்கிருந்து நானூறுக்கும் மேற்பட்டவர்களை ஏற்றிக்கொண்டு ஹவாயின் ஹொனலுலு வந்து சேர்ந்தது. கரும்புத் தோட்ட வேலைக்கு ஒப்பந்தம் போட்டு வந்த சனம். ரேவன்ஸ்கிராக்கில் வந்தவர்களில் மனுவேல் நூனெஸ், அகஸ்டோ டியஸ், ஜோசே டோ எஸ்பிரிட்டோ சாந்தோ என்ற மூன்று மரவேலைக்காரர்கள் இருந்தார்கள். தோட்ட ஒப்பந்தம் முடிந்ததும் ஹொனலுலுவில் பட்டறை போட்டு, மேசை நாற்காலியோடு தங்கள் ஊர் வாத்தியமான ‘மஷேட்டே’யையும் உள்ளூர் கோவா மரத்தில் செய்ய ஆரம்பித்தார்கள். ஹவாய் மன்னர் கலாகௌவாவுக்கு அது பிடித்துப்போக, அரண்மனை விருந்துகளில் இடம் கிடைத்தது. 1915இல் சான்பிரான்சிஸ்கோவில் நடந்த உலகக் கண்காட்சி அதை அமெரிக்கா முழுக்கக் கொண்டுசேர்த்தது. ஆக, இது பிறந்ததே நாற்காலி செய்தவர்கள் கையில்தான். ஆணி அடிக்கத் தெரிந்த எவருக்கும் ‘நாமும் ஒன்று கட்டினால் என்ன?’ என்று தோன்றுவதில் தப்பில்லை.

தட்டினால் என்ன கேட்கிறது?

ஒரு ரப்பர் பேண்டை இரு கைக்கு நடுவே இழுத்துப் பிடித்து மீட்டுங்கள். ஒலி வந்த மாதிரியே இருக்காது. அதையே ஒரு பிஸ்கட் டின் வாய்மேல் மாட்டி மீட்டுங்கள். அடுத்த அறைக்குக் கேட்கும். மெல்லிய தந்தி காற்றைக் கத்தி போலக் கிழித்துக்கொண்டு போய்விடுகிறது. காற்றை விசிறி போல அசைக்க அகலமான ஒரு பரப்பு வேண்டும். உகுலேலேயில் அந்த வேலை மேல்பலகையுடையது. தந்தி, பலகைமேல் தன்னைத் தாங்கும் ‘குதிரை’ என்ற கட்டையை ஆட்டும். குதிரை பலகையை ஆட்டும். பலகை காற்றை ஆட்டும். உள்ளே அடைபட்ட காற்றும் சும்மா இருக்காது. காலி சோடா பாட்டில் வாயில் ஊதினால் ‘பூம்’ என்று கேட்கிறதே, அதே மாதிரி நடுவிலிருக்கும் வட்டத் துளை வழியாக அதுவும் தன் பங்குக்குக் கீழ்ஸ்தாயி ஒலிகளைத் தூக்கிவிடும்.

ஆகவே பலகை லேசாக இருக்க வேண்டும். ஆனால் நான்கு தந்திகளும் சேர்ந்து சுமார் 15 கிலோ எடைக்கு அதை இழுத்துக்கொண்டிருக்கும். இரும்புத் தந்தி கிட்டாரில் இந்த இழுவை 70 கிலோவைத் தாண்டும். அந்த வகையில் உகுலேலே சாது. இருந்தாலும் இந்த 15 கிலோ பகல் இரவு பாராமல், ஆண்டுக்கணக்கில் இழுக்கும். லேசாகவும் வேண்டும், தாங்கவும் வேண்டும். வாத்தியம் கட்டுவது முழுக்க இந்தப் பேரம்தான்.

பேரத்தில் நம்மை ஏமாற்றுவது ஒரு கணக்கு. பலகையின் எடை அதன் தடிமனுக்கு ஏற்பக் குறையும். வளையாமல் நிற்கும் விறைப்போ தடிமனின் மூன்றாம் அடுக்குக்கு ஏற்பக் குறையும். 2 மில்லிமீட்டர் பலகையை 1.5 ஆக்கினால் எடை கால்பங்கு குறையும். விறைப்போ பாதிக்கும் கீழே, 42 சதவீதத்துக்கு இறங்கிவிடும். அரை மில்லிமீட்டர் என்பது கட்டைவிரல் நகத்தின் கனம். அதைச் சீவுவதற்குள் பலகை வேறு பலகையாகிவிடுகிறது. ‘டொக்’ என்று சுருங்கிக் கேட்ட ஒலி மெல்ல நீண்டு, அடியில் ஒரு சுரம் தெளியத் தொடங்கும். அந்த இடத்தில் கையை நிறுத்தத் தெரிய வேண்டும். என் முதல் பலகையில் நிறுத்தத் தெரியவில்லை. இன்னும் நன்றாகக் கேட்கட்டும் என்று சீவிக்கொண்டே போனேன். கடைசியில் அது அப்பளம் மாதிரி நெளிந்தது.

வளைத்தால் வளையுமா?

இடுப்பு ஒடுங்கி வளையும் பக்கவாட்டுப் பட்டைகள்தான் புதியவர்களைப் பயமுறுத்தும். மரம் என்பது நெடுநெடு நார்களை ‘லிக்னின்’ என்ற பொருள் பிடித்து வைத்திருக்கும் கட்டு. ஈரமும் சூடும் சேர்ந்தால் லிக்னின் இளகும். நார்கள் ஒன்றின்மேல் ஒன்று கொஞ்சம் நகர இடம் கிடைக்கும். ஆறினால் புது வடிவத்திலேயே இறுகிவிடும். பிரம்பு நாற்காலி பின்னுபவர் பிரம்பைத் தீயில் காட்டி வளைப்பதும் இதே வித்தைதான்.

என்னிடம் இருப்பது உள்ளிருந்து சூடேற்றிய ஓர் இரும்புக் குழாய். தண்ணீர் தெளித்தால் துளி உருண்டு ஓட வேண்டும், அதுதான் பதம். நனைத்த பட்டையைக் குழாய்மேல் வைத்து உள்ளங்கையால் அழுத்துவேன். முதலில் முரண்டு பிடிக்கும். ‘உஸ்’ என்று ஆவி கிளம்பும், ஈர மரம் வேகும் வாசனை வரும். பிறகு ஒரு கணத்தில் கைக்கடியில் மரம் விட்டுக்கொடுப்பது தெரியும். அதற்கு முன்னால் அவசரப்பட்டால் ‘படக்’, இரண்டு துண்டு. மூன்று பட்டைகளை ஒடித்த பிறகே அந்தக் கணம் எனக்குப் பிடிபட்டது. வளைத்த பட்டைகளின் உள்விளிம்பில் மேல்பலகை ஒட்டுவதற்காக மெல்லிய சட்டம் ஓட்ட வேண்டும். பசை காயும்வரை அதை நெருக்கிப் பிடிக்கத் துணி காயப்போடும் கிளிப்பைவிட நல்ல கருவி கிடையாது. நாற்பது கிளிப் வேண்டியிருக்கும். வீட்டில் அனுமதி வாங்கிக்கொள்வது உங்கள் பாடு.

மெழுகு இல்லாத மெட்டு

தஞ்சாவூர் வீணையில், சுரத்துக்காக விரல் அழுத்தும் இடங்களான 24 மெட்டுகளையும் மெழுகில் பதிக்கிறார்கள். சுருதி பிசகினால் மெழுகை இளக்கி மெட்டை நகர்த்தலாம். உகுலேலேயில் அந்தச் சலுகை இல்லை. ரம்பத்தால் வெட்டிய காடிக்குள் மெட்டுக் கம்பியை அடித்து இறக்கிவிட்டால் அவ்வளவுதான். அதனால் முதலில் கணக்கு, பிறகு ரம்பம்.

ஒரு ஸ்தாயி என்பது அதிர்வெண் இரட்டிப்பது. அதைப் பன்னிரண்டு சம படிகளாக்க வேண்டுமானால், பன்னிரண்டு தடவை பெருக்கினால் 2 கிடைக்கும் எண் தேவை. அது 1.05946. இதிலிருந்து கிடைக்கும் நடைமுறை விதி எளிது: மிச்சமிருக்கும் தந்தி நீளத்தை 17.817ஆல் வகுத்தால் அடுத்த மெட்டின் தூரம். 345 மில்லிமீட்டர் தந்தி என்றால் முதல் மெட்டு 19.36இல். மிச்சம் 325.64, அடுத்தது அங்கிருந்து 18.28. இப்படியே போனால் பன்னிரண்டாவது மெட்டு சரியாகப் பாதியில், 172.5இல் வந்து நிற்கும்.

கலிலியோவின் தந்தை வின்சென்சோ கலிலேய் ஓர் இசைவாணர். 1581இல் அவர் சொன்ன சுருக்குவழி, 17.817க்குப் பதில் முழுசாக 18ஆல் வகுப்பது. அப்படிச் செய்தால் பன்னிரண்டாவது மெட்டு பாதியைத் தொடாமல் ஒன்றேகால் மில்லிமீட்டர் முன்னாலேயே நின்று, சுரம் கொஞ்சம் இறங்கும். ஆனால் மெட்டில் விரலை அழுத்தும்போது தந்தி சற்று நீண்டு விறைத்து, சுரம் ஏறும். ஒரு பிசகு இன்னொரு பிசகை ஓரளவு சரிக்கட்டிவிடும். இன்று நாங்கள் கணக்கைத் துல்லியமாகப் போட்டுவிட்டு, அந்த ஏற்றத்தைச் சமாளிக்கக் குதிரையை இரண்டு மில்லிமீட்டர் தள்ளி ஒட்டுகிறோம்.

தந்திக்கு நான் போவது மீன்பிடிச் சாமான் கடைக்கு. தூண்டிலுக்கு விற்கும் ஃபுளோரோகார்பன் நரம்பு, நைலானைவிட ஒன்றரை மடங்கு அடர்த்தி. அதே சுரத்துக்கும் அதே இழுவைக்கும் ஐந்தில் ஒரு பங்கு ஒல்லியான நரம்பே போதும். ஒலியும் பளிச்சென்று இருக்கும். கடைக்காரர் இன்றுவரை நான் வஞ்சிரம் பிடிக்கப் போகிறவன் என்றே நம்பிக்கொண்டிருக்கிறார்.

பங்குனியில் ஒரு கோடு

முதன்முதலில் முழுதாகக் கட்டி முடித்த உகுலேலேயை ஐப்பசி அடைமழையில் ஒட்டினேன். நான்கு மாதம் நன்றாகவே பாடியது. பங்குனி வெயிலில் ஒரு நாள் மத்தியானம், ஆளில்லாத அறையில் ‘டிக்’ என்று ஒரு சத்தம். போய்ப் பார்த்தால் குதிரைக்குக் கீழே மயிரிழைபோல ஒரு கோடு.

காரணம் எளிது. மரம் ஈரத்தைக் குடித்து விரியும், காய்ந்தால் சுருங்கும். ஆனால் நாரின் குறுக்குவாக்கில்தான். நீளவாக்கில் அசைவு மிக மிகக் குறைவு. மழைக்காலத்தில் ஊதியிருந்த 160 மில்லிமீட்டர் அகலப் பலகை, கோடையில் ஒன்றரை மில்லிமீட்டர் வரை சுருங்கப் பார்க்கும். அதன் அடியில் குறுக்கே நான் ஒட்டிய தாங்குசட்டத்துக்கோ அது நீளவாக்கு, அது சுருங்காது. ஒன்று போகிறேன் என்கிறது, மற்றது விடமாட்டேன் என்கிறது. நடுவில் பலகை பிளந்தது. கட்டுபவர்கள் பட்டறை ஈரப்பதத்தை 45 சதவீதத்தை ஒட்டி வைத்துக்கொள்வது இதற்காகத்தான். இப்போது நானும் வறண்ட நாளாகப் பார்த்துத்தான் பசை பாட்டிலைத் திறக்கிறேன்.

உள்பக்கமாக ஒரு சில்லு ஒட்டி அந்த விரிசலை மூடிவிடலாம். ஒரு மணி நேர வேலை. நான் மூடவில்லை. சுவரில் மாட்டியிருக்கும் அதை, காலையில் போகிறபோக்கில் விரல்முட்டியால் ஒரு தட்டுத் தட்டுவேன். பங்குனியில் கோடு திறந்து கரகரக்கும். ஐப்பசியில் மூடிக்கொண்டு, கட்டிய நாளில் கேட்ட அதே சுரத்தைச் சொல்லும். அன்று பசை பாட்டிலைத் தொடமாட்டேன்.